சிப்பாய்க்கு ஆதரவு என்றால் சித்திரவதைக்கு ஆதரவா?

யுத்தம் என்றதும், "சித்திரவதையைக் கண்டிப்பவன் சிப்பாய்க்குத் துரோகி" என்று ஆளும் வர்க்கம் கூச்சலிடுகிறது. இதை நாம் ஏற்கலாமா? அல்ஜீரியாவைப் பாருங்கள்.

1954 நவம்பரில் அந்நாட்டு மக்கள் விடுதலைப் போர் தொடங்கினர். பிரெஞ்சு சர்க்கார் லட்சக்கணக்கான வாலிபர்களைக் கட்டாயப் பட்டாளத்தில் சேர்த்து அங்கே அனுப்பியது. அவர்களில் ஆலைத் தொழிலாளியின் மகன் இருந்தான். உழவன் மகனும் இருந்தான்.

1957-ல் பாராசூட் பட்டாளம் பத்திரிகை ஆசிரியர் தோழர் ஆன்ரி அலெக்கைப் பிடித்தது. உடம்பில் மின்சாரம் பாய்ச்சினார்கள். தண்ணீரால் மூச்சுத் திணறடித்தார்கள். அவர் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. சிறையிலிருந்தே அவர் எழுதிய புத்தகம் 1958-ல் வெளிவந்தது. சர்க்கார் பறிமுதல் செய்தது. கணிதம் கற்பித்த 25 வயதுத் தோழர் மொரீஸ் ஓதான் பிடிபட்டவர் திரும்பவே இல்லை. ராணுவத்தினரே அவரைச் சித்திரவதை செய்து கொன்றனர் என்று பிரெஞ்சு ஜனாதிபதி ஒப்புக்கொண்டது 2018-ல்!

"குண்டு வைப்பவனைப் பிடிக்க வேறு வழியில்லை" என்றார்கள். நாஜிகளை எதிர்த்துப் போரிட்ட ஜெனரல் பொலார்தியேர் இதை ஏற்கவில்லை. 1957-ல் தம்மைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கக் கோரினார். கிடைத்தது 60 நாள் கோட்டைக் காவல். அவரா சிப்பாயின் விரோதி?

1962-ல் அல்ஜீரியா விடுதலை பெற்றது. சித்திரவதை ஏகாதிபத்தியத்தைக் காப்பாற்றவில்லை.

தோழர்களே! சிப்பாய் நம் வீட்டுப் பிள்ளை. அவன் கையில் மின்கம்பியைத் திணிப்பவனே அவனுக்குத் துரோகி. அநியாய யுத்தத்தை நிறுத்தி, அவனை உயிரோடும் மனிதனாகவும் வீட்டுக்கு அழைப்பதே நமது ஆதரவு!