ஆட்டத்திலே பிறந்த கதை



அண்மையில் ஒரு மாலை, செம்பாக்கம் ஏரிக்கரையில் உலவிக்கொண்டிருந்தேன். கல்லூரி மாணவர் இருவர் ஒரு நாவலைப் பற்றிக் கடுமையாக வாதிட்டுக்கொண்டிருந்தனர். “உயிருள்ள கதை” என்றார் ஒருவர். “பகடை உருட்டிய கணக்கைக் கதையாக எழுதியிருக்கிறார்கள்” என்றார் மற்றவர். என்னைக் கண்டதும், “ஐயா, நீங்களே சொல்லுங்கள்” என்றனர். படிக்காத நூலுக்குத் தீர்ப்புக் கூறலாகாது என்று சொல்லி, அதனை இரவலாகப் பெற்று வந்தேன்.

அவ்வாறு சொன்னதற்குக் காரணம் உண்டு. தலைமையாசிரியனாக இருந்த நாளில், ஒரு மாணவனிடமிருந்து மாயாஜாலக் கதைப் புத்தகம் ஒன்றைப் பறித்தேன். ஒரு பக்கமும் புரட்டாமலே, ‘இது குப்பை’ என்று வகுப்பின் முன் கூறினேன். அதன் பின் அந்தப் பையன் எந்த நூலைப் பற்றியும் என்னிடம் வாய் திறந்ததில்லை.

நூலுக்கு வருவோம். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். ஒருவர் கதையை நடத்திச் செல்வார்; ஏனையோர் வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடம் ஏற்பர். வீசிய வாள் பட்டதா, தவறியதா என்பதைப் பகடை சொல்லும். இவ்வாட்டத்திற்கெனப் படைக்கப்பட்ட உலகங்களுள் ஒன்று கிரின். அதனைக் களமாகக் கொண்டு மார்கரெட் வைஸ், டிரேசி ஹிக்மன் இருவரும் 1984இல் எழுதிய நாவலே ‘டிராகன்ஸ் ஆஃப் ஆட்டம் ட்வைலைட்’.

வாசகர்கள் இதனைப் பற்றி இரு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர். நண்பர் குழு விடுதியில் கூடுவதும், ஓர் இடர் நீங்குமுன் மற்றோர் இடர் எழுவதும் ஆட்டத்தின் படிகளே அன்றிக் கதையின் வளர்ச்சி அல்ல என்பர் ஒரு சாரார். 1954, 55ஆம் ஆண்டுகளில் வெளிவந்த டோல்கீனின் பெருங்கதையின் நிழல் இதில் விழுந்திருப்பதையும் சுட்டுவர். மறுசாரார் ரெய்ஸ்ட்லினைக் காட்டுவர். அவன் ஓயாது இருமும் நோயாளி, மந்திரம் கற்றவன். மணற்கடிகை வடிவான அவன் கண்மணிகளுக்குக் காண்பதெல்லாம் மூத்து அழிவதாகவே தோன்றும். உடல்வலி மிக்க இரட்டைச் சகோதரன் கேரமன் அவனைத் தாங்கி நடக்கிறான். தாங்குகிறவனிடம் அன்பும் உண்டு. தாங்கப்படுகிறவனிடம் பொறாமையும் உண்டு.

படித்து முடித்தபின் எனக்குத் தோன்றியது இது: இருவர் சொல்லும் உண்மையே. ஆட்டத்தின் விதியைப் பின்பற்றும் இடங்களில் நூல் தளர்கிறது. அண்ணன் தம்பியரின் மனத்தைப் பின்பற்றும் இடங்களில் நிமிர்ந்து நிற்கிறது.

இதனை அளக்கும் கோல் நம்மிடமே இருக்கிறது. பாரதக் கதையின் திருப்பம் ஒரு சூதாட்டத்தில் அன்றோ அமைந்தது? சூதாடும் முறையை ஒரு சிறிதும் அறியாத பாட்டிமார், கோயில் மண்டபத்தில் பாரதம் கேட்டுக் கண்ணீர் வடித்தனர். காய் எப்படி விழுந்தது என்பதற்காக அவர்கள் அழவில்லை. எவளைப் பணயமாக வைத்தான் என்பதற்காக அழுதனர். ஆட்டம் அறியாதவனையும் கலங்கச் செய்யும் பகுதியே கதை. ஆடியவனுக்கு மட்டும் இனிக்கும் பகுதி ஆட்டத்தின் நினைவு.

வாசகர் கருத்து வீண் பேச்சும் அன்று. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது, வாசகர்கள் தங்கள் மனக்குறையைத் தெரிவித்தனர். கல்கி அதனை மதித்து, பாத்திரங்களின் பிற்கால நிலையை முடிவுரையில் எடுத்துரைத்தார். அவ்வாசகர்கள் வாரந்தோறும் படித்தவர்கள். ஆகவே குறை கூறும் உரிமை பெற்றவர்கள்.

நூலைத் திருப்பிக் கொடுத்தபோது அவ்விளைஞர்களிடம் என் கருத்தைச் சொன்னேன். இருவரும் ஒருமிக்க என்னோடு வாதிடத் தொடங்கினர், மகிழ்ந்தேன். அன்று அந்த மாணவனை நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே: “தம்பி, இக்கதையில் உனக்குப் பிடித்தவர் யார்? ஏன்?” உங்கள் வீட்டுப் பிள்ளைகளையேனும் நீங்கள் அவ்வாறு கேளுங்கள்.