தொலைவிலிருந்து கற்போர்க்குத் துணை நிற்போம்



கல்வியே நமது முதுசொம் என்று மேடைதோறும் பேசுகின்றோம். ஆயினும், பல்கலைக்கழகத்துள் இடங்கிடையாது வீட்டிலிருந்தே பட்டத்துக்குப் படிக்கும் நம் பிள்ளைகளைப் பற்றி எம்மேடையிலும் பேச்சில்லை. இன்று அவர்களுக்காகவே பேச முன்வந்துள்ளோம்.

இவ்வழி நமக்குப் புதியதன்று. 1858ஆம் ஆண்டு இலண்டன் பல்கலைக்கழகம் தன் பட்டப் பரீட்சைகளை வெளிவாரி மாணாக்கர்க்கும் திறந்துவிட்டது. 1921இற் கொழும்பில் எழுந்த பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை, இலண்டன் பட்டத்துக்கே மாணாக்கரை ஆயத்தஞ் செய்தது. பகலிற் படிப்பித்து, இரவில் விளக்கடியிற் படித்து அப்பட்டம் பெற்ற ஆசிரியர் பலரை நம் ஊர்கள் கண்டுள்ளன. 1971இல் மொழிவாரித் தரப்படுத்தல் நம்மவர் பலர்க்கு வாசலை அடைத்தபோதும் வெளிவாரிப் படிப்பு ஒரு புகலாயிருந்தது.

1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நிலையங்கள் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் வெளிவாரிப் பட்டங்களை வழங்குகின்றது. ஆகவே வாசல் திறந்தேயிருக்கின்றது. உட்சென்றோர் இடைவழியில் நின்றுவிடுவதே நம் கவலை.

அவர்கள் யாவர்? கந்தோரில் எழுதுவினைஞராயுள்ள இளைஞர். கைக்குழந்தையோடு படிக்கும் தாய். விடியலில் வெங்காயத்துக்கு நீரிறைத்துவிட்டுப் புத்தகம் விரிக்கும் கமக்காரன் மகன். அறிவில் இவர்கள் எவர்க்கும் இளைத்தவரல்லர். ஆனால் ஒப்படையைக் குறித்த நாளில் அனுப்பவேண்டும். தொடர் மதிப்பீட்டில் தகுதி பெற்றாற்றான் இறுதிப் பரீட்சைக்குத் தோற்றலாம். பாடமோ பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஐயம் கேட்க அயலில் ஆளில்லை. ஓர் ஒப்படை தவறும், அடுத்ததும் தவறும், பின் ஒருவருக்குஞ் சொல்லாமற் படிப்பு நின்றுவிடும்.

2020இற் கொரோனா நோயினால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு, வகுப்புக்கள் இணையத்துக்கு மாறியபோது இத்துன்பத்தை நாடே கண்டது. கைத்தொலைபேசி ஒன்றையே உடன்பிறந்தோர் பங்கிட்டனர். மலையகத்து லயன் அறைகளிலுள்ளோர் சிக்னல் தேடி மேடேறினர். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் தடைப்பட்டபோது, இணையம் இருந்தும் பயனில்லாது போயிற்று.

பிரித்தானியாவில் 1969இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகம் 1971இற் கற்பிக்கத் தொடங்கியபோது, வானொலியும் தொலைக்காட்சியுமே போதுமென்றிருக்கவில்லை. மாணாக்கர்க்கு வழிகாட்டும் ஆசிரியரையும், ஊர்களிற் கற்கை நிலையங்களையும் அமைத்தது. பாடத்தைத் தொலைவிலிருந்து அனுப்பலாம். துணை அருகில் இருத்தல் வேண்டும் என்பதை அது அன்றே உணர்ந்திருந்தது.

அரசிடம் நாம் கேட்பது உரிமை: தமிழிற் பாடநூல்கள், போதிய தமிழ் விரிவுரையாளர், மாணாக்கர்க்கு மலிவான இணையம். இவற்றை விடாது கேட்போம். ஆனால் அரசு தரும்வரை பிள்ளைகள் காத்திருக்க வேண்டுமா? நாமே செய்யத்தக்கன மூன்று உள.

முதலாவது, நம் சனசமூக நிலையங்கள். பத்திரிகை வாசிக்க நம் முன்னோர் கட்டிய அவ்விடங்களில், மாலை ஆறு முதல் ஒன்பதுவரை ஒரு மேசை, ஒரு விளக்கு, ஓர் இணைய இணைப்பு, மின்தடைக்கு ஒரு மின்கலம் இருத்தல் வேண்டும். பெண்பிள்ளைகள் அச்சமின்றி வந்துபோக ஊரவர் பொறுப்பேற்க வேண்டும். திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

இரண்டாவது, உத்தியோகத்தர்களே, வாரத்தில் ஒரு மணிநேரம் தாருங்கள். மூன்று மாணாக்கரைப் பொறுப்பேற்று, ஒப்படை அனுப்பினாயா என்று கேளுங்கள். ஆங்கிலப் பாடத்தைக் கூடவிருந்து வாசியுங்கள். அக்கேள்வி ஒன்றே பலரைப் படிப்பில் நிறுத்தும்.

மூன்றாவது, பெற்றோர்க்கு. வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளையை “சும்மா இருக்கிறான்” என்று எண்ணாதீர்கள். பரீட்சை மாதத்திலாவது தோட்டத்து வேலையிலிருந்து விடுதலை கொடுங்கள். மருமகள் படிப்பவளாயின், அடுப்படிச் சுமையைப் பகிருங்கள்.

நிலம் பறிபோவதைக் கண்டு நாம் குரலெழுப்புகின்றோம், எழுப்பவும் வேண்டும். ஆயின், படிப்பை இடையில் விட்ட பிள்ளையின் இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆகவே, இக்கூட்டம் கலையுமுன் ஒவ்வோர் ஊரவரும் தம்மூரில் இவ்வாறு படிப்போரின் பெயர்களைக் கணக்கெடுக்க உறுதிகொள்ளுமாறு வேண்டுகின்றோம். பெயரறிந்தபின் கைவிட மனம் வராது.