பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்

செங்காங்கில் ஆங்கர்வேல், ரிவர்வேல் பக்கம் குடியிருப்பவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். புளோக்குக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் நடுவே நிற்கும் பெரிய மரத்தைச் சுற்றிச் சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருக்கும். மேலே இலைகளுக்குள் தலைக்கவசம் போட்ட ஒருவர் கயிற்றில் தொங்கியபடி காய்ந்த கிளையை அறுத்துக்கொண்டிருப்பார். சாலையோர மரம் என்றால் ஆளை உயர்த்தும் மேடை வண்டி வந்துவிடும். வண்டி நுழைய வழியில்லாத இடத்தில் ஆள்தான் ஏற வேண்டும்.

அவரைத் தாங்குவது அந்தத் தடித்த கயிறு என்று நினைப்போம். அது பாதிதான் உண்மை. அந்தக் கயிற்றைப் பற்றிக்கொண்டிருக்கும் சிறு கயிறு ஒன்று உண்டு. சுண்டுவிரல் தடிமன்கூட இருக்காது. அதில் போடுவதுதான் உராய்வு முடிச்சு. இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

ஏறும் கயிற்றை உறுதியான கிளையொன்றின் மேல் போடுவார்கள். அதன் ஒரு முனை, ஏறுபவரின் இடுப்பிலும் தொடையிலும் மாட்டிய ஹார்னஸில் இருக்கும். கிளையின் மறுபக்கம் தொங்கும் கயிற்றின் மேல் சிறு கயிற்றை நாலைந்து சுற்று சுற்றி, அதன் முனையை, சில முடிச்சுகளில் இரு முனைகளையும், காராபினர் வளையத்தால் அதே ஹார்னஸில் மாட்டுவார்கள். உடம்பின் பாரம் விழுந்ததும் சுற்றுகள் இறுகிக்கொள்ளும். முடிச்சின் தலையைக் கையால் மெல்லக் கீழே அழுத்தினால் இளகி வழுக்கும், ஆள் இறங்குவார். கையை எடுத்தால் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். பிடிக்க மட்டும் தெரிந்த முடிச்சால் மரத்தில் வேலை செய்ய முடியாது. விட மட்டும் தெரிந்தது ஆளைக் கொன்றுவிடும்.

ஆஸ்திரிய மலையேறி கார்ல் புருசிக் தம் பெயர் தாங்கிய முடிச்சை 1931இல் வெளியிட்டார். பனிமலையில் அது உயிர் காத்தது. ஆனால் பாரம் விழுந்தால் கல்லாக இறுகிவிடும், நாள் முழுக்க ஏறி இறங்குபவருக்கு ஒத்துவராது. மரம் ஏறுபவர்களிடம் பரவியது 1994இல் ஜேசன் பிளேக் என்பவர் எழுதி அறிமுகப்படுத்திய பிளேக் முடிச்சு. அதே முடிச்சை அவருக்கு முன்பே ஆஸ்திரியாவின் ஹைன்ஸ் புரோஹாஸ்காவும் கண்டிருந்தார். நாலு சுற்று சுற்றி, முனையைக் கீழிரண்டு சுற்றுகளுக்கு அடியில் நுழைத்து இழுத்தால் முடிந்தது. புதிதாகப் பழகுகிறவர் இதில்தான் தொடங்க வேண்டும் என்பேன். கொஞ்சம் மந்தமான முடிச்சுதான், ஆனால் பிடி நிதானமானது. டிஸ்டல், வால்டோட்டான் போன்ற வேறு முடிச்சுகள் இருமுனையும் கண்ணி வைத்துத் தைத்த தனிக்கயிற்றில் கட்டப்படுபவை. விரல் பட்டாலே நகரும். அந்தச் சுறுசுறுப்பு பழகிய கைக்குத்தான் நல்லது.

எந்த முடிச்சு சிறந்தது என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. எந்தக் கயிற்றின் மேல், எந்தச் சிறு கயிற்றால், எத்தனை கிலோ உடம்புக்கு, வெயிலிலா மழையிலா என்று கூடவே கேட்க வேண்டும். ஏறும் கயிறு 11 முதல் 13 மில்லிமீட்டர் இருக்கும். முடிச்சுக்கயிறு அதைவிடச் சற்று மெலிந்ததாக, 8 முதல் 10 மில்லிமீட்டருக்குள் இருப்பது வழக்கம். ரொம்ப மெலிந்தால் கடித்துக்கொண்டு விடாது. தடித்தாலோ விறைத்தாலோ கயிற்றோடு ஒட்டாமல் வழுக்கும். வலுவிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அமெரிக்க மரப்பணிப் பாதுகாப்பு விதி, ஏறும் கயிற்றுக்குக் கேட்கும் 5,400 பவுண்டு தாங்குதிறனையே இந்தச் சிறு கயிற்றுக்கும் கேட்கிறது. கிட்டத்தட்ட 2,450 கிலோ.

இழை எது என்பதில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகக் கவனம் வைக்க வேண்டும். வேகமாக இறங்கும்போது உராய்வெல்லாம் சூடாக மாறுகிறது, அந்தச் சூடு முடிச்சுக்குள்ளேயே தேங்குகிறது. டைனிமா என்று விற்கும் இழை எஃகைப் போல வலுவானது, ஆனால் 150 டிகிரி செல்சியஸ் அருகிலேயே உருகிவிடும். அதை வெளியுறையாகக் கொண்ட கயிற்றில் உராய்வு முடிச்சு போடுவது ஆபத்து. நைலான் உருக ஏறக்குறைய 220 டிகிரியாவது வேண்டும். ஆனால் தண்ணீரை உறிஞ்சி, நனைந்த நிலையில் வலுவில் பத்து, பதினைந்து சதவீதம் இழக்கும். பாலியஸ்டர் 250 டிகிரியைத் தாண்டித்தான் உருகும், தண்ணீரையும் அவ்வளவாகக் குடிக்காது. அராமிட் இழை உருகவே உருகாது, மிக அதிகச் சூட்டில் கருகும். ஆனால் வெயிலில் கிடந்தாலும், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடிந்தாலும் உள்ளுக்குள் நொறுங்கும், வெளியே தெரியாது. வருடம் முழுக்க வெயில் காயும், பிற்பகலில் திடீரென்று மழை கொட்டும் சிங்கப்பூரில் பாலியஸ்டர் உறை போட்ட கயிற்றையே நான் முதலிடத்தில் வைப்பேன். அராமிட் கலந்தது வேண்டுமென்றால் வாங்கலாம். வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே போட்டு வைக்காதவர் வாங்கட்டும்.

முடிச்சை அவிழ்த்து, கயிறு சுற்றியிருந்த உட்புறத்தைக் கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். சூடு பட்ட கயிறானால், இஸ்திரிப் பெட்டி அதிகம் பட்ட துணியைப் போலப் பளபளவென்று விறைத்த தடம் விரலில் படும். அங்கே இழைகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. அந்த இடம் இனிச் சரியாகப் பிடிக்காது. அவசரமாக வழுக்கி இறங்குகிறவர்களின் கயிற்றில்தான் இந்தத் தடம் சீக்கிரம் வரும்.

தமிழ்நாட்டுப் பனையேறிகளையும் இங்கே நினைக்கத்தான் வேண்டும். காலில் மாட்டும் தளைநார் மரத்தோடு உராய்ந்து கொடுக்கும் பிடியை நம்பித்தான் தலைமுறை தலைமுறையாக ஏறினார்கள். கால் தவறினால் தாங்க இரண்டாவது கயிறு இல்லை. விழுந்து முடமானவர்கள் எத்தனையோ பேர். இன்று சிங்கப்பூரில் 3 மீட்டருக்கு மேலிருந்து விழ வாய்ப்புள்ள வேலைக்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்று 2013இல் நடப்புக்கு வந்த விதி சொல்கிறது. அந்த அக்கறை பனங்காட்டுக்கும் போய்ச் சேர வேண்டும்.

சீட்டு கையில் இருந்தாலும் முடிச்சைச் சோதிப்பது ஏறுபவரின் வேலை. ஒவ்வொரு முறை கட்டியதும் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் உட்கார்ந்து, குலுக்கிப் பார்த்து, கொஞ்சம் இறங்கி நின்று பார்த்த பிறகே மேலே போக வேண்டும். மழை பிடித்துவிட்டால் அதே முடிச்சு வேறு மாதிரி நடந்துகொள்ளும், மறுபடியும் சோதிக்க வேண்டும். புதுக்கயிறு வழுக்கும் என்பதால் முதல் சில நாள் ஒரு சுற்று கூடுதலாகப் போடுபவர்கள் உண்டு, அது நல்ல பழக்கம்.

ஏறும் கயிற்றின் விலையில் ஒரு சிறு பங்குதான் முடிச்சுக்கயிற்றின் விலை. தேய்ந்துபோக வேண்டியதும் அதுதான். உறை பிய்ந்தாலோ, விறைத்தாலோ, பளபளத்தாலோ யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். பழையதை முழுசாகக் குப்பையில் போட வேண்டாம். கையளவு துண்டுகளாக வெட்டிப் போடுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கே யாராவது எடுத்து மாட்டிக்கொண்டு மரத்தில் ஏறிவிடுவார்கள்.