பழைய டின்னில் புதுச் சரக்கு வேண்டாம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



நம்ம குழு ஒன்றில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். கடன் வாங்கி எலுமிச்சை ஊறுகாய் போட்டார்கள். பாட்டில் வாங்கக் காசு பத்தவில்லை. பழைய எண்ணெய் டின் மலிவாகக் கிடைத்தது. நல்லா தேய்ச்சுக் கழுவி, வெயிலில் காயவைத்து, ஊறுகாயை அடைத்தார்கள். சில வாரத்தில் திறந்து பார்த்தால் ஊறுகாய் கறுத்துப்போய், ஒரே துரு வாடை! அத்தனையும் குழியில் கொட்டியாச்சு. கடன் தவணை மட்டும் மிச்சம்.

“சுத்தமாத்தானே கழுவினோம், எங்க தப்பு?” என்று கேட்டார்கள். தப்பு கழுவியதில் இல்லை, டின்னில்தான் இருக்கிறது. டின் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் இது புரியும்.

டின் என்பது மெல்லிய இரும்புத் தகடு. அதன் இரண்டு பக்கமும் வெள்ளீயம் பூசியிருப்பார்கள். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறோமே, அதே வேலைதான். அந்தப் பூச்சு மிக மிக மெல்லியது. உணவு அடைக்கும் டின் பலவற்றில் உள்பக்கம் வார்னிஷ் மாதிரி இன்னொரு பூச்சும் உண்டு. தகட்டை வெட்டி, உருளையாகச் சுருட்டி, ஓரத்தை மின்சாரத்தால் பற்றவைக்கிறார்கள். பிறகு அடித்தட்டைப் பொருத்துகிறார்கள். நாம் துணியின் ஓரத்தை மடித்து, மறுபடி மடித்துத் தைப்பது போல, இரண்டு தகட்டையும் சேர்த்து மடித்து அழுத்துகிறார்கள். நடுவில் ரப்பர் மாதிரி ஒரு பசை இருப்பதால் காற்று நுழையாது.

கத்தியால் வெட்டித் திறந்து, நாரால் தேய்க்கும்போது பூச்சு கீறிவிடுகிறது. கீறிய இடத்தில் உப்பும் புளிப்பும் இரும்பை அரிக்கின்றன. போதாததற்கு, பழைய காலத்து டின்களில் ஓரத்தைக் காரீயம் கலந்த பற்றால் ஒட்டியிருப்பார்கள். காரீயம் விஷம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். ஒருமுறை பயன்படுத்திய டின்னில் மறுபடி உணவை அடைத்து விற்கக் கூடாது என்று 2018-ஆம் ஆண்டின் உணவுப் பொதியல் விதியும் சொல்கிறது.

“கம்பெனிக்காரங்க மட்டும் டின்னில் அடைக்கிறாங்களே?” என்று கேட்கலாம். அவர்கள் டின்னை மூடிய பிறகு, பெரிய பிரஷர் குக்கர் போன்ற கலனில் 121 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். வெறும் கொதிநீரில் சாகாத கிருமிகள் உண்டு. காற்றில்லாத டின்னுக்குள் அவை வளர்ந்து உயிரைப் பறிக்கும் விஷத்தை உண்டாக்கும். ஆகவே கறிக் குழம்பு, பருப்பு வகைகளை வீட்டில் டின்னில் அடைத்து விற்கும் யோசனையே வேண்டாம்.

கடையில் டின் வாங்கும்போதும் பாருங்கள். உப்பியிருந்தால், கசிந்தால், ஓர மடிப்பு நசுங்கியிருந்தால், துரு ஏறியிருந்தால் வாங்காதீர்கள். உப்பிய டின்னை ருசிகூடப் பார்க்கக் கூடாது. திறந்த டின்னில் மிச்சத்தை வைக்காமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ஊறுகாய்க்குக் கண்ணாடி பாட்டிலே நல்லது. ஒரு குழு தனியாக வாங்கினால் விலை கூடுதல். பல குழு சேர்ந்து மொத்தமாக வாங்கினால் குறையும். எந்தக் குழுவுக்கு எத்தனை பாட்டில் என்று அடுத்த கூட்டத்துக்குள் எழுதிக்கொண்டு வாருங்கள், கூட்டமைப்பில் பேசி முடிப்போம்.

நம்ம சரக்கை நம்பி வாங்குபவர் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். டின்னில் மிச்சம் பிடிக்கப் போய் அந்த நம்பிக்கையை இழக்க வேண்டாம்.