திருக்கைப் பல் கூறும் சாட்சியம்



திருக்கை மீனைத் தமிழர் பெரும்பாலோர் அறிவர். ஈர்வாள் போன்ற நீண்ட கொம்பை முகத்தின் முன் தாங்கிய வேளா மீனும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வமாகப் போற்றிய பரதவரைப் பட்டினப்பாலை நமக்குக் காட்டுகிறது. அது வேளாவின் கொம்பே எனக் கருதுவாரும் உளர். இப்பேரினத்தைச் சேர்ந்த பண்டைய மீன்கள் பல கோடி ஆண்டுகளுக்கு முன் உதிர்த்த பற்கள் இன்றும் பாறைகளில் கிடைக்கின்றன. அவற்றுள் பல கடுகினும் பெரியன அல்ல. அத்துணைச் சிறிய பொருளால் பயன் யாது என்பதைக் காண்போம்.

திருக்கைக்கும் சுறாவுக்கும் உடற்சட்டம் குருத்தெலும்பாலானது. மீன் மடிந்ததும் அது விரைவில் அழிந்துபடும். எஞ்சுவது கடினமான பூச்சுடைய பல்லே. ஒரு மீன் தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்த்துப் புதியன பெறுகிறது. ஆதலின் உடல் கிடையாத இடத்தும் பல் கிடைக்கும்.

அதனைத் தேடுவோர் பாறையை உற்றுநோக்கிப் பயனில்லை. சரியான படுகையைத் தேர்ந்து மண்ணை மூட்டை மூட்டையாக எடுத்து வருவர். களிமண்ணை நன்கு உலர்த்தி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, எண்ணெயை வடித்தபின் நீரில் இட்டால் அது சேறாகக் கரையும். சுண்ணாம்புக் கல்லாயின் நீர்த்த அசெட்டிக் அமிலம் வேண்டும். கரைந்ததை நுண்ணிய சல்லடைகளில் அலசி, எஞ்சியதை உலர்த்தி, பூதக்கண்ணாடியின் கீழ் மெல்லிய தூரிகை முனையால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவர். ஒரு மூட்டை மண்ணில் ஒரு பல்லும் கிட்டாமற் போவதுண்டு. ஓரிடத்து மண் அலசிய சல்லடையைக் கழுவாமல் மற்றோரிடத்து மண்ணை இடலாகாது. ஒரு பல் இடம் மாறினால் ஒரு வரலாறே பிழையாகிவிடும்.

இனி, இன்ன மீனின் பல் என்று அறிவது எங்ஙனம்? நண்டு, சிப்பி முதலியவற்றை நொறுக்கும் கழுகுத் திருக்கைகளின் பற்கள் தளம் பாவிய ஓடுகளைப் போல் அடுத்தடுத்துப் பொருந்தியிருக்கும். வேரோ சீப்பின் பற்களெனப் பிளவுபட்டிருக்கும். சில திருக்கைகளில் ஆணின் பல் கூரியது, பெண்ணின் பல் மழுங்கியது. அறியாதவர் இரண்டையும் இரு வேறு இனம் என்பர். வேளாவின் கொம்பிலுள்ளவையோ உண்மைப் பற்களே அல்ல, திரிந்த செதில்களே.

தோற்றம் அறிஞரையும் மயக்கும். பெரம்பலூரை அடுத்த காரைப் பகுதியின் பழங்கடற் படுகையில் கிடைத்த டைகோடஸ் என்னும் மீனின் பற்கள் 2012இல் வெளியான ஆய்வொன்றில் விளக்கப்பட்டன. அரைப்பதற்கேற்ற தட்டையான பற்களைக் கண்டு அம்மீனைத் திருக்கையின் உறவாகப் பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். மெக்சிகோ நாட்டில் முழு உடலோடு கிடைத்த படிவங்களைக் கொண்டு, அது சுறாவின் ஒரு கிளையே என 2024இல் தெளிவுபடுத்தினர். ஒரே தொழில் செய்யும் பற்கள் ஒரே வடிவம் பெறலாம்; அதனால் உறவு அமைந்துவிடாது.

இத்தகைய பல் ஒன்று பெரிய வழக்கொன்றிலும் சாட்சி கூறியது. சயானில் வாழும் நாம் நாள்தோறும் காணும் கோட்டைக்குன்று எரிமலைப் பாறையாலானது. மேற்கிந்தியாவின் பெரும்பகுதியை மூடிய தக்காண எரிமலைப் பாறைகளின் குடும்பத்தில் பம்பாய்ப் பாறைகள் பின்பிறந்தவை. அக்குடும்பத்தின் வயது யாது? டைனோசார்கள் வாழ்ந்த கிரிடேஷஸ் காலத்ததா, அதற்குப் பிந்தியதா? 1934இல் பேராசிரியர் பீர்பால் சஹானி இவ்வினாவை எழுப்பி, தாவரச் சான்றுகளைக் கொண்டு பிந்தியதே என்னும் பக்கம் சார்ந்தார்.

பின்னர், இன்று தெலங்கானாவிலுள்ள ஆசிபாபாத்தில் எரிமலைக் குழம்பின் அடுக்குகளுக்கிடையே படிந்த மண்ணில் திருக்கைப் பற்கள் கிடைத்தன. அவை இக்டாபாடிஸ் எனும் இனத்தவை. ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டிலிருந்து 1972இல் பெயரிடப்பட்ட அவ்வினம் கிரிடேஷஸ் காலத்தின் இறுதிக்கட்டத்தது. அக்காலம் முடிந்தது 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன். இந்தியத் திருக்கைக்கு 1993இல் பிரசாத், கப்பெட்டா ஆகிய இருவரும் இக்டாபாடிஸ் இண்டிகஸ் எனப் பெயரிட்டனர். பிற சான்றுகளும் சேரவே, எரிமலைகள் டைனோசார்களின் காலத்திலேயே கக்கத் தொடங்கிவிட்டன என்பது உறுதியாயிற்று. அவ்வாராய்ச்சிகளில் முன்நின்ற அசோக் சஹானி, பீர்பால் சஹானியின் தம்பி மகனே. சிறிய தந்தையோ பெரிய தந்தையோ கூறினார் என்பதற்காக அறிவியல் நின்றுவிடுவதில்லை.

இங்கு நாம் நினைவிற் கொள்ள வேண்டியது ஒன்று. அப்பல் எந்த அடுக்கில் கிடைத்தது என்பது குறிக்கப்பட்டிருந்ததனாலன்றோ அது சாட்சியாயிற்று? இடம் அறியாத பல் வெறும் வேடிக்கைப் பொருள். நம்முள் பலர் விடுமுறைக்கு அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் செல்வோம். ஓடைக் கரையில் சிறுவர் ஒரு பல்லையோ சங்கையோ கண்டால், பெயர்த்தெடுத்து நினைவுப் பொருளாகப் பம்பாய்க்குக் கொணர வேண்டா. இருந்த நிலையிலேயே படம் பிடித்து, ஊரும் ஓடையும் அடுக்கும் எழுதி, அண்மையிலுள்ள கல்லூரியின் நிலவியல் துறைக்கோ வாரணவாசி அருங்காட்சியகத்துக்கோ தெரிவிப்போமாக. கண்டெடுத்தவர் செய்யத்தக்க பேருதவி அதுவே.