ஊமைத்துரையைத் தூக்கிச் சென்றவர்கள்

(பாஞ்சாலங்குறிச்சியில் நடந்த இளைஞர் முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'போரின் சுமையும் தலைவர்களும்'. கொடுத்த தோழர் ஒரு நிபந்தனையும் போட்டார்: "அண்ணே, கட்டபொம்மன் கதையை ஆரம்பிச்சிராதீங்க, அது எல்லாருக்கும் தெரியும்." இந்த மண்ணில நின்னுக்கிட்டு வேற யாரைப் பேசுறது? ஆனால் சினிமா வசனம் கிடையாது. அதுக்கு ஆள் இருக்காங்க.

ஒன்றை முதலிலேயே ஒத்துக்கொள்வோம். கட்டபொம்மன் பாளையக்காரர். வரி வாங்கியவர். கம்பெனிக்காரனோடு அவருக்கு வந்த சண்டையும் கிஸ்தி பாக்கியில் தொடங்கிய சண்டைதான். அது நம்ம ஆட்சி கிடையாது. ஆனாலும் அந்த மனுஷன் சண்டையின் விலையைத் தன் கழுத்தால் கொடுத்தார். 1799 அக்டோபர் 16, கயத்தாற்றில் தூக்கு. தானாபதி சுப்பிரமணிய பிள்ளைக்கு நாகலாபுரத்தில் தூக்கு. தம்பி ஊமைத்துரைக்கு 1801 நவம்பரில் இதே பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கு. இவர்களோடு சேர்ந்து நின்ற சின்ன மருதுவின் மகன் துரைசாமி, பதினைந்து வயதுப் பையன், கடல் கடந்து பினாங்குத் தீவுக்கு ஏற்றப்பட்டான். தன் பிள்ளையை அமெரிக்காவில் படிக்க வைத்துவிட்டு நம்ம பிள்ளையை 'களம் காண வா' என்று கூப்பிடுகிற தலைவர்களைப் பார்த்த கண்ணுக்கு இது பெரிய விஷயம்தான். மறுக்கவில்லை.

ஆனால் நான் பேச வந்தது அவர்களுக்குப் பக்கத்தில் கிடந்தவர்களைப் பற்றி.

1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வருகிறார். வெள்ளைக்காரன் இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டை சில நாட்களில் மறுபடி எழுந்து நிற்கிறது. எதிர்ப்பக்கம் சண்டை போட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்கிற அதிகாரி பிற்காலத்தில், 1830-இல், புத்தகம் எழுதினார். கோட்டை எழுந்த வேகத்தில் அவருக்கே ஆச்சரியம். எனக்கு ஆச்சரியம் இல்லை, ஒரு கேள்விதான். மண் கோட்டை அது. மண் வெட்டியது யார்? சுமந்தது யார்? மிதித்துக் குழைத்தது யார்? இந்தச் சீமையில் அது யார் தலையில் விழுகிற வேலை என்று உங்களுக்கு நான் சொல்லணுமா?

வாய் பேச முடியாத ஊமைத்துரை உத்தரவு கொடுத்த விதத்தையும் வெல்ஷ் சொல்கிறார். உள்ளங்கையில் வைக்கோல் துணுக்குகளை அடுக்குவாராம். அதுதான் வெள்ளைக்காரப் பட்டாளம். பிறகு வாயால் ஒரு சீறல் ஒலி எழுப்பி, மறு கையால் துடைத்துத் தள்ளுவாராம். பார்த்தவன் புரிந்துகொண்டு பாய்வான். மார்ச்சில் வந்த தாக்குதலை அப்படித்தான் முறியடித்தார்கள். மே 24-இல், பீரங்கிகளோடு அக்னியூ வந்த பிறகு, கோட்டை விழுந்தது.

அன்றைக்கு நடந்ததாக வெல்ஷ் எழுதுகிற ஒரு சம்பவத்துக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் பிணக்குவியலுக்குள் தங்கள் ஆட்களைத் தேடி வருகிறார்கள். ஒரு தாய்க்கு மகன் கிடைக்கிறான், உயிர் ஊசலாடுகிறது. அவள் தூக்கப் போகிறாள். அவனோ, தன்னை விட்டுவிடச் சொல்லி, பக்கத்தில் காயம்பட்டுக் கிடக்கிற 'சாமி'யைக் காப்பாற்றச் சொல்கிறான். சாமி என்பது ஊமைத்துரை. பெண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வருகிறபோது உடம்பு மேல் வெள்ளைத் துணியைப் போர்த்தி, அம்மை கண்டு செத்துப் போனான் என்று ஒப்பாரி வைக்கிறார்கள். அம்மை என்ற சொல்லைக் கேட்டதும் வந்தவர்கள் ஓட்டம். ஊமைத்துரை பிழைத்தார், சிவகங்கை போனார், மருது சகோதரர்களோடு சேர்ந்து மேலும் சில மாதம் சண்டை போட்டார்.

அந்த மகன்? அந்தத் தாய்? பெயர் இல்லை. என்ன சாதி என்றும் வெல்ஷ் எழுதவில்லை. நம்ம சாதிதான் என்று நானும் சொல்லப் போவதில்லை. அப்படிச் சொல்கிற ஆசை எனக்கு உண்டு, ஆனால் தெரியாததைச் சொல்லக்கூடாது.

இங்கே தலைவன் காயம்பட்டவர்களுக்கு நடுவில் காயம்பட்டுத்தான் கிடக்கிறான். சுமையைப் பகிர்ந்துகொண்டான், சரி. ஆனால் சாகக் கிடக்கிற மகன் தன் தாயிடம் என்னை விடு, அவரைத் தூக்கு என்று சொல்கிறான். இதை விசுவாசம் என்று கைதட்டிவிட்டுப் போகலாம். நான் பல வருஷம் மேடைகளில் அப்படித்தான் சொன்னேன். இப்போது என்னால் முடியவில்லை. மகனை மண்ணில் விட்டுவிட்டுத் தலைவனைத் தூக்கிக்கொண்டு நடந்த அந்த அம்மாவின் கைகள் என்ன கனம் கனத்திருக்கும்!

நம்ம பாடப்புத்தகத்தில் ஒக்கூர் மாசாத்தியாரின் புறநானூற்றுப் பாட்டு உண்டு. உறவைப் போரில் இழந்த பெண் மிச்சமிருக்கிற ஒரே மகனையும் அனுப்பி வைப்பாள். வாத்தியார் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லித் தருவார். அரசனின் மகன் எங்கே போனான் என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். கம்பெனியின் சென்னைப் படையில் பறையர் சிப்பாய்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களின் பெயரை அந்தப் பக்கமும் யாரும் சுமக்கவில்லை. பாம்பேப் பக்கம் மகார்களுக்கு என்ன நடந்தது? தேவைப்பட்டவரை சேர்த்தான், பிறகு 'போர்க்குலம்' இல்லை என்று கதவை மூடினான். அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சுபேதார். மகார் ரெஜிமெண்ட் வர 1941 ஆயிற்று. அதுவும் அடுத்த உலகப்போருக்கு ஆள் தேவைப்பட்டதால்!

சரி, பெயர் கிடைத்தவருக்கு என்ன ஆயிற்று? கவர்னகிரி சுந்தரலிங்கம். கட்டபொம்மனின் தளபதி. வடிவோடு சேர்ந்து வெள்ளையனின் வெடிமருந்துக் கிடங்கில் பாய்ந்து செத்தார் என்று ஓட்டப்பிடாரம் வட்டாரமே சொல்லும். இருநூறு வருஷம் வாய்வழியாகவே காப்பாற்றி வைத்திருந்த பெயர். 1997-இல் அரசாங்கம் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு அந்தப் பெயரை வைத்தது. பள்ளன் பெயர் போட்ட பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். கலவரம், உயிர்ச்சேதம். கடைசியில் அரசு செய்தது என்ன? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டது. நெல்லையில் கட்டபொம்மன் பெயர் போனது. காரைக்குடியில் மருதுபாண்டியர் போனார்கள். இந்த மாவட்டத்தில் வ.உ.சி. பெயர் போனது. யோசித்துப் பாருங்க: சுந்தரலிங்கம் பெயர் ஓடுகிற ரோட்டில் கட்டபொம்மன் பெயரும் ஓடவேண்டாம் என்று ஆகிவிட்டது. ஒரே போரில் செத்தவர்கள். சாவில் பங்கு உண்டு, பஸ்ஸில் பங்கு இல்லை.

ஒரு தோழர் இடைவேளையில் கேட்டார்: "தலைவனும் தன் பிள்ளையைக் கொடுத்துட்டா கணக்கு நேராயிரும்ல?" ஆகாது தோழர். ஸ்டாலினின் மகன் யாக்கோவ் 1943-இல் ஜெர்மானிய முகாமில் செத்தான். மாவோவின் மகன் 1950-இல் கொரியாவில் குண்டுக்குப் பலியானான். 2009-இல் பிரபாகரனின் மூத்த மகன் களத்தில் செத்தார், பன்னிரண்டு வயது இளைய மகனைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் குழந்தையின் படத்தைப் பார்த்து நானும் அழுதவன்தான். அதே வன்னியில் வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனபோது பங்கருக்குள் பிள்ளையை ஒளித்து வைத்த தாய்மார்களும் நம்ம ஆட்கள்தான். தலைவன் தன் பிள்ளையை இழந்தது அந்தத் தாயின் சம்மதம் ஆகிவிடாது. அவளை யாரும் கேட்கவில்லை, அதுதான் விஷயம். கட்டபொம்மன் தான் எடுத்த முடிவுக்காகச் செத்தார். அந்த மகன் இன்னொருவர் எடுத்த முடிவுக்காகச் செத்தான்.

இதைப் பேசிவிட்டு நம்ம வீட்டைப் பற்றிப் பேசாமல் போனால் நான் அயோக்கியன். 1995 ஆகஸ்ட் 31-இல் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்தது உங்களுக்குத் தெரியும். அந்த வருஷங்களில் எங்க மாமா ஒரு கூட்டத்துக்குப் போனார். பேசியவர் நன்றாகப் பேசினார். வழக்கு எங்க மாமா மேல் விழுந்தது. பதினோரு வருஷம் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் கூலி போச்சு, பஸ் செலவு, வக்கீலுக்கு டீயும் வடையும். அத்தை காதில் கிடந்ததைக் கழற்றியது மூன்றாவது வருஷம். பேசியவர் ஒரு வாய்தாவுக்கும் வரவில்லை. கடைசியில் மாமா விடுதலையான அன்றைக்கு அவர் வேறொரு ஊரில் மாலை வாங்கிக்கொண்டிருந்தார். கெட்டவர் என்று சொல்லவில்லை. அவருக்கு எங்க மாமாவின் பெயர் தெரியாது. அவ்வளவுதான்.

அதனால் ஒரு சின்ன வேலை வைத்திருக்கிறேன். முன் மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கு. உங்க ஊரில் இயக்க வழக்கில் மாட்டியவர்கள் பெயர், இப்போது யாருக்கு வாய்தா நடக்கிறது, அடுத்த தேதி என்ன, கூடப் போவது யார், இந்த நாலையும் எழுதுங்க. கடைசிக் கட்டத்தை முதலில் பொறுப்பாளர்கள் நிரப்பட்டும். எங்க ஊர்ப் பக்கத்தை நான் எழுதிட்டேன். பேனா ஒன்றுதான் இருக்கு, எடுத்துட்டுப் போயிராதீங்க.