கேட்கீப்பர் சொல்லாமல் வண்டி நகராது!

(சங்கத்தின் பிரசாரக் குழுவும் மகளிர் குழுவும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரை)



தண்டவாளமே இல்லாத தீவில் ரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன வேலை என்று வாசலில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் பத்தாவது வரை படித்தவன். சென்னையில் டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறேன். மிச்ச நேரத்தில் தொழிற்சங்க வேலை பார்க்கிறேன். என் தங்கையை இந்த ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவளைப் பார்க்கக் கப்பலில் மூன்று நாள் ஆடி அசைந்து வந்தவனை உங்கள் செயலாளர் பிடித்து இங்கே நிறுத்திவிட்டார்.

அவர் கொடுத்த தலைப்பு, "சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்யும் குழு ஒற்றுமையாக இயங்குவது எப்படி?" என்பது. போனைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அது உங்கள் பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். போனைக் கையில் வைத்திருக்கும் மனிதர்களைப் பற்றிப் பேசுகிறேன்.

தோழர்களே! இந்தத் தீவில் ஒரு படம் அனுப்ப எத்தனை நேரம் காத்திருந்தீர்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். செயற்கைக்கோளை மட்டும் நம்பியிருந்த காலம் அது. 2018 டிசம்பர் 30ஆம் தேதி கடலடிக் கேபிளுக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி அது இயங்கத் தொடங்கியது. சுமார் 2,300 கிலோ மீட்டர் நீளம். செலவு ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய். சென்னையிலிருந்து இங்கே வந்து, இங்கிருந்து ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார் என்று பல தீவுகளுக்கும் போகிறது. இன்று மகளிர் குழுவின் தேங்காய் எண்ணெய்ப் படத்தை நீங்கள் போட்டால், ராமநாதபுரத்தில் இருக்கும் பெரியம்மா அடுத்த நொடியே பார்க்கிறார். மகிழ்ச்சிதான். ஆனால் உண்மை போகிற அதே கம்பியில், அதே வேகத்தில்தான் பொய்யும் போகிறது!

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. நானே செய்த தவறு ஒன்று உண்டு. வெட்கத்தோடு சொல்கிறேன்.

2023 மார்ச் மாதத் தொடக்கம். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள், கொல்லுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. ஒன்று என் போனுக்கும் வந்தது. பார்த்ததும் ரத்தம் கொதித்தது. "தொழிலாளிக்கு மொழி ஏது? இந்தக் கொடுமையைக் கண்டிப்போம்!" என்று எழுதி எங்கள் குழுவில் போட்டேன். கெட்ட எண்ணம் இல்லை. வேலைக்குப் புதிதாக வந்த ஒரு பையன் உடனே எழுதினான்: "அண்ணே, பின்னால் தெரியும் கடைப் பலகையில் ஒரு எழுத்துகூடத் தமிழில் இல்லையே?" நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "நேற்று வந்தவன் நீ, சும்மா இரு!" மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பத்துக் குழுக்களுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவை பொய் என்று தமிழ்நாடு காவல்துறை அறிவித்தது. வேறு மாநிலத்தில் நடந்த குற்றத்தின் படத்தைக்கூட நம் ஊரில் நடந்ததாகக் காட்டியிருந்தார்கள். நேரில் விசாரிக்க பீகார் அரசே அதிகாரிகள் குழுவை அனுப்பியது. உண்மை வெளியே வந்தது. ஆனால் அதற்குள், எங்கள் பகுதியில் பிளாட்பாரத்துக்குக் கல் பதித்துக்கொண்டிருந்த 11 பேர் மூட்டை கட்டிப் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பன்னிரண்டு நாள் கூலி பாக்கி. அதைக் கேட்டு வாங்க வேண்டிய சங்கத்துக்காரனே அவர்களை விரட்டிய செய்தியைப் பரப்பியவன்! அந்தக் கூலி இன்றுவரை அவர்கள் கைக்குப் போகவில்லை.

பிறகு அதே குழுவில், எல்லோரும் பார்க்க எழுதினேன்: "தவறு என்னுடையது. தம்பி சொன்னதே சரி." எழுதக் கை கூசியது. ஆனால் அன்றிலிருந்துதான் எங்கள் குழுவில் இளையவர்கள் வாய் திறக்கிறார்கள்.

இங்கே ரயில்வேயில் உள்ள ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பல லெவல் கிராசிங்குகளில், வண்டி வருகிறது என்று ஸ்டேஷன் மாஸ்டர் கேட்கீப்பருக்குப் போனில் சொல்வார். கேட்கீப்பர் கேட்டை மூடிவிட்டு, "மூடியாயிற்று" என்று ஒரு எண் சொல்வார். பிரைவேட் நம்பர் என்று அதற்குப் பெயர். அந்த எண்ணை நோட்டில் எழுதிய பிறகுதான் சிக்னல். ஸ்டேஷன் மாஸ்டர் பெரிய உத்தியோகம், கேட்கீப்பர் சிறிய உத்தியோகம். ஆனால் சிறியவர் சொல்லாமல் வண்டி நகராது! மரியாதை குறைந்துவிட்டது என்று எந்த மாஸ்டரும் கோபித்துக்கொள்வதில்லை. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்று அவருக்குத் தெரியும்.

உங்கள் குழுவிலும் இதைச் செய்யுங்கள். எதைப் போடுவதற்கு முன்பும் இரண்டு பேர் பார்க்க வேண்டும். அதில் ஒருவர் வயதில் இளையவராகவோ பொறுப்பில் சிறியவராகவோ இருக்கட்டும். அவரிடம் "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். பெரியவர் கேட்டால் யாரும் "நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். "இதில் என்ன தப்பு?" என்று கேளுங்கள். சொன்னவரைப் பாராட்டுங்கள்.

இதே பாடம் வியாபாரத்துக்கும் பொருந்தும். நேற்றுச் சகோதரிகள் ஒரு சம்பவம் சொன்னார்கள். "எண்ணெய் தயார், எத்தனை பாட்டில் வேண்டுமானாலும் தருவோம்" என்று தம்பி ஒருவர் விளம்பரம் போட்டுவிட்டார். இருபது பேர் கேட்டார்கள். ஆனால் விடாத மழையில் கொப்பரையே காயவில்லை! காயப்போட்ட அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். இன்னொருவர் பாட்டில் ஒழுகுகிறது என்று குறை எழுதியதற்கு, "நீங்கள் சரியாக வைக்கவில்லை" என்று பதில் போயிருக்கிறது. மூடி சரியில்லை என்பது எண்ணெய் ஊற்றிய அக்காவுக்கு முன்பே தெரியுமாம். அவரை யாரும் கேட்கவில்லை. போன் பிடிக்கும் கையும் செக்கு ஓட்டும் கையும் தினம் பேசிக்கொள்ள வேண்டும். குறை சொல்பவரிடம் முதல் வார்த்தை, "மன்னிக்கவும் அக்கா, விசாரித்து நாளைக்குள் சொல்கிறோம்" என்பதாக இருக்கட்டும். சொன்னபடி நாளைக்குள் சொல்லியும் விடுங்கள்.

சண்டை வராத குழு உலகத்தில் இல்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் சண்டை போடாதீர்கள். எழுத்தில் குரல் தெரியாது. சிரித்துச் சொன்னதும் குத்திச் சொன்னதாகப் படும். ஜங்லிகாட்டில் இருப்பவருக்கும் டைரி பார்மில் இருப்பவருக்கும் மனத்தாங்கல் என்றால் நேரில் போய் ஒரு டீ குடித்துப் பேசித் தீருங்கள். பாஸ்வேர்டு ஒருவர் மடியில் மட்டும் இருக்கக் கூடாது. மூன்று பேரிடம் இருக்கட்டும். மாதம் ஒருமுறை விற்பனைக் கணக்கை எல்லோர் முன்னும் படியுங்கள். இன்னொன்று: படத்தில் நிற்பவர் ஒருவர், ராத்திரி ஒரு மணி வரை விழித்துப் பாட்டிலில் லேபிள் ஒட்டியவர் இன்னொருவர். பெயரைச் சொல்லும்போது ஒட்டியவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது ஒரு பெண்ணின் பெயராக இருக்கும்.

தாய்மார்களே! 2004 டிசம்பர் 26ஆம் தேதியை இந்தத் தீவு மறக்காது. நான்கு நாள் கழித்து, 30ஆம் தேதி, மறுபடியும் அலை வரலாம் என்று மத்திய அரசே எச்சரித்தது. தமிழ்நாட்டுக் கரையில் மக்கள் பதறி ஓடினார்கள். அலை வரவில்லை. டில்லியின் பெரிய அலுவலகத்துக்கே அந்த நிலை என்றால் நமக்கு எவ்வளவு கவனம் வேண்டும்! வராத அலைக்கு ஓடியவன், வருகிற அலைக்கு ஓடமாட்டான். பொய்யாய்ப் போன ஒரு செய்தி, அடுத்து வரும் பத்து உண்மைகளையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

கடைசியாக ஒன்று. 2011 கணக்கின்படி இந்தத் தீவுகளின் மக்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 15 விழுக்காடு. கூலி வேலைக்கு வந்தவர்கள் உண்டு. இலங்கையிலிருந்து திரும்பி 1970களில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் உண்டு. வங்காளிகள், தெலுங்கர்கள், மலையாளிகள், இந்தி பேசுவோர் எல்லோரோடும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து வாழ்கிறோம். நாளை நம்மைப் பற்றி ஒரு பொய்ப் படம் கிளம்பினால் நம்மைக் காப்பவர் யார்? "அந்தச் சங்கத்துக்காரர்கள் விசாரிக்காமல் பேசமாட்டார்கள்" என்று அக்கம்பக்கத்தார் சொல்லும் ஒரு சொல்தான் காப்பாற்றும். அந்தப் பெயரை இன்றே சம்பாதிக்க வேண்டும்.

அந்தப் பெயர் போனிலிருந்து வராது. "அண்ணே, இது தப்பு" என்று ஒரு தம்பியோ தங்கையோ பயமின்றிச் சொல்லும் குழுவிலிருந்துதான் வரும். அந்தத் தம்பி இன்றைக்கு இந்த அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். அவரை முன்வரிசைக்குக் கூப்பிடுங்கள்!